பிள்ளைகளை வைத்துக்கொண்டு லண்டன் மரதன்: தொண்டுக்காக ஓட நினைக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டன் மரதன் ஓட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நான் இரண்டு தடவை ஓடியிருக்கிறேன். முதல் தடவை ஓடியபோது மகளுக்கு ஐந்து வயது. மகனுக்குப் பத்து மாதம். வேகத்தைப் பற்றியோ பதக்கத்தைப் பற்றியோ சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இரண்டு பிள்ளைகள், இரண்டு வேலைகள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, மாதத்தில் ஒரு பிறந்தநாள் விழா என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்குள் நான்கு மாதப் பயிற்சியை எப்படி நுழைப்பது என்பதைப் பற்றிச் சொல்லத்தான் கொஞ்சம் இருக்கிறது. தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கையில் மற்றப் பெற்றோர் கேட்ட கேள்விகள் இவை. அவர்கள் கேட்க மறந்தவை சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

ஊரில் பள்ளிக்கூட மரதனில் ஓடியிருக்கிறேன். அதைப் போன்றதுதானே இதுவும்?

இல்லை. ஊரில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் 'மரதன்' என்று நாம் ஓடியது பெரும்பாலும் சில மைல்கள்தான். முழு மரதன் 42.195 கிலோமீட்டர். இந்த விசித்திரமான கணக்கு 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையிலிருந்து வைட் சிற்றி மைதானம் வரை ஓடிய தூரத்திலிருந்து வந்தது. 1921இல் அதுவே உலகப் பொது அளவாக ஏற்கப்பட்டது. அரச குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் அறை யன்னலிலிருந்து பார்க்கட்டும் என்பதற்காகவே ஓட்டம் கோட்டைக்கு உள்ளேயே தொடங்கப்பட்டது என்று ஒரு கதையும் உண்டு. அது மெய்யோ பொய்யோ, முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொள்ளும்போது பிள்ளைகளுக்காகத்தான் இந்தத் தூரம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்ள எனக்கு அது உதவியது.

குலுக்கலில் இடம் கிடைக்கவில்லை. தொண்டு நிறுவனத்தின் வழியாக இடம் பெறுவது என்றால் என்ன?

2026ஆம் ஆண்டு ஓட்டத்துக்கான பொதுக் குலுக்கலில் விண்ணப்பித்தவர்கள் பதினொரு இலட்சத்துக்கும் மேல். 2025இல் ஓடி முடித்தவர்களோ 56,640 பேர். ஆகவே குலுக்கலை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். மறுபுறம், தொண்டு நிறுவனங்கள் ஏற்பாட்டாளர்களிடம் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட எண்ணிக்கையான இடங்களை வாங்கி வைத்திருக்கின்றன. அந்த நிறுவனத்துக்காக இன்ன தொகையைத் திரட்டித் தருகிறேன் என்று நீங்கள் உறுதி கொடுத்தால் அவற்றுள் ஓர் இடம் உங்களுக்குக் கிடைக்கலாம். பொதுவாகக் கேட்கப்படும் தொகை 2,000 பவுண் அளவில் இருக்கும். பெரிய நிறுவனங்கள் கூடுதலாகவும் கேட்கும்.

விண்ணப்பத்தில் ஒப்பமிடும் முன் இரண்டு விடயங்களைக் கட்டாயம் வாசித்துப் பாருங்கள். தொகை முழுவதும் சேராவிட்டால் மிச்சத்தை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டுமா என்பது ஒன்று. காயம்பட்டு ஓட முடியாமற்போனால் என்ன நடக்கும் என்பது மற்றொன்று. பிள்ளை காப்பகத்துக்கு மாதம் ஆயிரத்துக்கு மேல் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த இரண்டு வரிகளும் சிறிய எழுத்தில் இருக்கின்றன என்பதற்காகத் தாண்டிப் போகக்கூடியவை அல்ல.

உண்மையில் எவ்வளவு நேரம் தேவைப்படும்?

எல்லோரும் 'பதினாறு வாரம்' என்று சொல்வார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. தொடக்கநிலை ஓட்டக்காரருக்கு வாரத்தில் மூன்று குறுகிய ஓட்டங்கள், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம்; அவற்றுடன் வார இறுதியில் ஒரு நெடும் ஓட்டம். அந்த நெடும் ஓட்டம் மெல்ல வளர்ந்து, போட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் 30 அல்லது 32 கிலோமீட்டரைத் தொடும். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்ற வேகத்தில் ஓடும் ஒருவருக்கு 32 கிலோமீட்டர் ஓட மூன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். சராசரியாக வாரத்துக்கு ஐந்து, ஆறு மணி நேரம் என்று வைத்தாலும் பதினாறு வாரத்தில் எண்பது மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

ஆனால் ஓடும் நேரம் மட்டும் கணக்கில்லை. நெடும் ஓட்டம் முடித்து வந்து குளித்து, பசிக்கு இரண்டு மடங்கு சாப்பிட்டு, சாய்மனைக் கதிரையில் கண்ணைத் திறந்தபடியே தூங்கும் அப்பாவும் வீட்டில் இல்லாத அப்பாதான். முதல் ஆண்டில் நான் இதை உணரவில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டு ஒரு மணிக்கு வந்தால் நான்கு மணி நேரம்தானே போனது என்று நினைத்திருந்தேன். அன்று பின்னேரம் முழுவதும் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொண்ட மனைவியின் கணக்கில் அது ஒரு முழு நாள். அவருடைய கணக்கே சரியானது.

ஆகவே தொண்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும் முன் வீட்டில் விண்ணப்பியுங்கள். ஓடப்போகிறேன் என்று அறிவிப்பதும், இந்தப் பதினாறு ஞாயிறுகளையும் எனக்குத் தர முடியுமா என்று கேட்பதும் ஒன்றல்ல. நாட்காட்டியை எதிரில் விரித்து வைத்து, தைப்பொங்கல், பெப்ரவரி பள்ளி விடுமுறை, உயிர்த்த ஞாயிறு விடுமுறை, உறவினர் வீட்டுத் திருமணம், துணைவரின் இரவு வேலை நாட்கள் எல்லாவற்றையும் குறித்த பிறகு எஞ்சியிருப்பதைப் பாருங்கள். ஓட்டம் ஏப்ரல் இறுதியில் என்பதால் மிகக் கடினமான வாரங்கள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். சித்திரைப் புத்தாண்டு வரும்போது ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுக்கும் காலம் தொடங்கியிருக்கும். இது மட்டும் நமக்கு வாய்ப்பான ஏற்பாடு.

அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

பிள்ளைகள் தூங்கும் நேரத்திலிருந்தும், பிள்ளைகள் வேறு யாருடைய பொறுப்பிலோ இருக்கும் நேரத்திலிருந்தும்தான். தமிழ்ப் பள்ளி நடக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தை நம்மில் பலர் வாகனத்துக்குள் கைபேசியைப் பார்த்தபடி கழிக்கிறோம். எனது நெடும் ஓட்டங்களில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில்தான் நடந்தன. மகளை வகுப்பில் விட்டுவிட்டு அங்கிருந்தே ஓடத் தொடங்கி, மணி அடிக்கும் முன் வியர்வையோடு வந்து, வாகனத்தில் வைத்திருக்கும் மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை அப்படியே வீட்டுக்கு எஞ்சியது. பள்ளியில் தொண்டாசிரியர்களாக இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தால் மட்டும் சற்றுக் கூச்சமாக இருக்கும். அதற்காக ஆண்டு விழாவில் கதிரை அடுக்கிக் கொடுத்தேன்.

வேலையிலிருந்து வீட்டுக்கு ஓடி வருவது இன்னொரு வழி. தொடர்வண்டியில் ஐம்பது நிமிடம் நின்றுகொண்டு வரும் தூரத்தின் ஒரு பகுதியை ஓடினால் வீட்டிலிருந்து எடுக்கும் நேரம் பதினைந்து இருபது நிமிடம்தான். சனி காலை ஒன்பது மணிக்குப் பூங்காக்களில் இலவசமாக நடக்கும் 5 கிலோமீட்டர் பார்க்ரன்னும் நல்லது. 2004இல் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கிய அந்த ஓட்டம் இன்று பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நான்கு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலைகளில் 2 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடலாமா?

பயிற்சியில் ஓடலாம், ஆனால் சாதாரணத் தள்ளுவண்டியில் கூடாது. ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட மூன்று சக்கர வண்டி வேண்டும். முன்சக்கரம் திரும்பாமல் பூட்டக்கூடியதாகவும், ஐந்து முனை இருக்கைப் பட்டியும் உங்கள் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வாரும் உள்ளதாகவும் அது இருக்க வேண்டும். குழந்தைக்குக் கழுத்து நன்றாக நின்று, ஆறு மாதமாவது முடிந்திருக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் அதற்கும் பிந்திய வயதைச் சொல்வதால் வண்டியின் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். ஓடுகிற உங்களுக்கு உடல் சூடேறும். அசையாமல் இருக்கும் குழந்தைக்கு சனவரிக் காற்று முகத்தில் நேராக அடிக்கும். உங்களைவிடக் குழந்தைக்கு இரண்டு உடுப்பு கூடுதலாகப் போடுங்கள். ஆனால் மரதன் ஓட்ட நாளில் தள்ளுவண்டிக்கு அனுமதி இல்லை.

தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவருக்கு இது சாத்தியமா?

சாத்தியம்தான், ஆனால் 'மனம் இருந்தால் இடம் உண்டு' என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. நெடும் ஓட்டத்துக்கு வாரத்தில் ஒரு தடவை மூன்று, நான்கு மணி நேரம் பிள்ளையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள நிச்சயமான ஓர் ஆள் வேண்டும். எங்கள் பள்ளியில் இரண்டு தாய்மார் இதை மாறி மாறிச் செய்தார்கள்: ஒரு வாரம் ஒருவர் ஓட மற்றவர் இரு வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்தார், அடுத்த வாரம் மாறியது. அப்படி ஒருவர் கிடைக்காத ஆண்டில் அரை மரதனுக்குப் பதிவு செய்யுங்கள். 21 கிலோமீட்டருக்கான பயிற்சியில் நெடும் ஓட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பல தொண்டு நிறுவனங்களிடம் அதற்கான இடங்களும் உண்டு. கேட்கும் தொகையும் குறைவு.

குழந்தை பெற்று எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஓடத் தொடங்கலாம்?

பிரித்தானியாவில் மகப்பேற்றுக்குப் பிந்திய உடல்நலத்தில் பணியாற்றும் இயன்மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், குறைந்தது மூன்று மாதம் கழியும் வரை ஓட வேண்டாம் என்கிறது. மூன்று மாதம் என்பது தொடக்கத்துக்கான கீழெல்லை மட்டுமே. அந்த நாளில் எல்லோரும் தயாராகிவிடுவார்கள் என்பது பொருளல்ல. இடுப்பின் அடித்தளத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் மீள்வது ஒவ்வொருவருக்கும் வேறுபடும். அறுவைச் சிகிச்சை மூலம் பெற்றவர்களுக்குக் காலம் கூடலாம். ஓடும்போது சிறுநீர் கசிவது, அடிவயிற்றில் கீழ்நோக்கி இழுப்பது போன்ற பாரம், இடுப்பு வலி ஆகியவை பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. நிறுத்திவிட்டு இடுப்புநலம் பார்க்கும் இயன்மருத்துவரிடம் போக வேண்டியவை. நம் பெண்கள் இவற்றைத் தங்கள் தாயிடம்கூடச் சொல்வதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் நீங்களாகவே வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு.

தாய்ப்பால் கொடுப்பவர் ஓடினால் பால் கெட்டுவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அப்படி எதுவும் இல்லை. ஓடும் முன் பால் கொடுத்துவிட்டோ எடுத்து வைத்துவிட்டோ போவது உங்கள் வசதிக்காக. கூடுதலாகச் சாப்பிட வேண்டும், கூடுதலாகக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்கனவே இடம் கிடைத்த பிறகு கருவுற்றவர்கள் தங்கள் இடத்தைப் பின்னொரு ஆண்டுக்குத் தள்ளிவைக்க லண்டன் மரதன் விதிகளில் இடமுண்டு.

பிள்ளை பெற்றவர் இனி ஓடி என்ன செய்யப்போகிறார் என்று யாராவது கேட்டால் ஒரு பெயரைச் சொல்லுங்கள். 1981 மார்ச் 29இல் நடந்த முதலாவது லண்டன் மரதனில் பெண்கள் பிரிவில் வென்றவர் ஜாய்ஸ் ஸ்மித். அப்போது அவருக்கு 43 வயது. இரண்டு பிள்ளைகளின் தாய். 2 மணி 29 நிமிடம் 57 வினாடியில் ஓடி முடித்தார். அடுத்த ஆண்டும் அவரே வென்றார். பிரித்தானிய மரதன் வீராங்கனை போலா ராட்கிளிஃப் 2007 சனவரியில் மகளைப் பெற்று அதே ஆண்டு நவம்பரில் நியூயோர்க் மரதனை வென்றார். அவருக்குப் பின்னால் பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பத்து மாதத்தை யாருக்கும் இலக்காக வைக்க வேண்டாம்.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஏதாவது பரிசோதனை செய்ய வேண்டுமா?

செய்யுங்கள். தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவும் இதய நோயும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருவது நன்கு தெரிந்த விடயம். மெலிந்த உடலும் அதற்கு முழுப் பாதுகாப்பல்ல. பயிற்சி தொடங்கும் முன் குடும்ப மருத்துவரிடம் போய் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தந்தையோ சகோதரரோ இளவயதில் மாரடைப்பால் இறந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, மயக்கம் வந்தால் அன்றே நிறுத்த வேண்டும். கருமையான தோல் உடையவர்கள் ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் உயிர்ச்சத்து டி எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படி இந்நாட்டுத் தேசிய சுகாதார சேவை சொல்கிறது. குளிர்கால இருட்டில் ஓடுபவருக்கு அந்த ஆலோசனை இன்னும் பொருந்தும்.

பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு தடிமனைக் கொண்டுவருகிறார்கள். பயிற்சி கெட்டுவிடாதா?

கெடும். முதல் ஆண்டில் காப்பகத்தின் புண்ணியத்தால் எனக்கு மூன்று வாரங்கள் போயின. மூக்கடைப்பு மட்டும் என்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடல் நோவு இருந்தால் ஓடவே கூடாது. இரவு முழுவதும் பிள்ளையோடு விழித்திருந்த மறுநாள் நெடும் ஓட்டம் ஓடுவதைவிடத் தூங்குவதே சிறந்த பயிற்சி. தவறிய ஓட்டத்தை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடிக் கணக்கைத் தீர்க்க முயலாதீர்கள். பல முழங்கால் காயங்கள் அந்தப் பேராசையில்தான் தொடங்குகின்றன. ஒரு வாரம் போனால் போகட்டும்.

சோறும் இடியப்பமும் சாப்பிட்டு ஓடலாமா? ஓட்டக்காரருக்கென்று கடையில் விற்பதை எல்லாம் வாங்க வேண்டுமா?

நம் சாப்பாடு ஓட்டத்துக்கு ஏற்றதுதான். ஓட்டத்துக்கு முந்திய இரண்டு நாட்களும் மாச்சத்தைக் கூட்டி, கொழுப்பையும் நாரையும் உறைப்பையும் குறைக்க வேண்டும். வெள்ளைச் சோறு, இட்லி, இடியப்பம் எல்லாம் நல்லவை, கட்டைச்சம்பலையும் பருப்பையும் மட்டும் அன்று தள்ளி வையுங்கள். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும். கடையில் விற்கும் இனிப்புப் பசையை (ஜெல்) வயிறு ஏற்காதவர்கள் பேரீச்சம்பழமோ இனிப்போ எடுத்துப் போகலாம். எதுவானாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத ஒன்றை ஓட்ட நாளில் வாயில் வைக்காதீர்கள்.

தண்ணீரை அளவாகக் குடிப்பது இதைவிட முக்கியம். ஏப்ரலில் லண்டன் குளிரும் என்று நம்ப முடியாது. 2018இல் ஓட்ட நாளன்று வெப்பம் 24.1 பாகை வரை ஏறியது. அதற்குப் பயந்து ஒவ்வொரு மேசையிலும் போத்தல் போத்தலாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடியுங்கள். வலிக்கு ஐபுபுரோஃபன் போட்டுக்கொண்டு ஓடுவதும் சிறுநீரகத்துக்குக் கூடாது.

எந்தத் தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் வீட்டைத் தொட்ட ஒன்றை. என் மகன் குறைமாதத்தில் பிறந்து மூன்று வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். ஆகவே எனக்குத் தேர்வு எளிதாக இருந்தது. பின்னர்தான் ஒரு செய்தி தெரிந்தது. ஃபௌஜா சிங் 2000ஆம் ஆண்டு, 89ஆம் வயதில், தமது முதல் லண்டன் மரதனை ஓடியது குறைமாதக் குழந்தைகளுக்கான பிளிஸ் என்ற தொண்டு நிறுவனத்துக்காக. பஞ்சாபில் தமது கண்ணெதிரே ஒரு மகனைப் பறிகொடுத்த துக்கத்தை ஆற்ற இங்கிலாந்தில் ஓடத் தொடங்கியவர் அவர். தலைப்பாகை கட்டிய அந்தப் பெரியவரை எல்லோருக்கும் தெரியும். அவரும் ஒரு தகப்பனாகத்தான் ஓடத் தொடங்கினார் என்பது பலருக்குத் தெரியாது.

2,000 பவுணை எப்படிச் சேர்ப்பது? நம் ஆட்களிடம் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

அந்த வெட்கத்துக்குக் காரணம் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்கும் 2009க்கும் பிறகு நம் சமூகத்தில் கை நீட்டாத அமைப்பு இல்லை. கொடுத்த பணம் எங்கே போனது என்று தெரியாத அனுபவமும் பலருக்கு உண்டு. ஆகவே பணத்தை உங்கள் கையிலோ வங்கிக் கணக்கிலோ வாங்காதீர்கள். தொண்டு நிறுவனத்துக்கு நேராகப் போய்ச் சேரும் இணையப் பக்கத்தை அனுப்புங்கள். இதுவரை சேர்ந்த தொகை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்போது சந்தேகத்துக்கு இடமில்லை. சில பக்கங்கள் கொடையாளரிடம் தங்களுக்கென்றும் ஒரு சிறு தொகை கேட்கும். அதைப் பூச்சியமாக மாற்றிக்கொள்ளலாம் என்று பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்நாட்டில் வரி கட்டுபவர் கொடையளிக்கும்போது கிஃப்ட் எய்ட் பெட்டியில் அடையாளமிட்டால் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸை அரசாங்கம் அந்தத் தொண்டு நிறுவனத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும். நூறு பவுண் நூற்று இருபத்தைந்தாகும். ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் மாமாவின் பணத்துக்கு அது பொருந்தாது. றோல்ஸ், பற்றிஸ், வடை விற்றுச் சேர்த்த பணத்துக்கும் பொருந்தாது, ஏனெனில் அது விற்பனை, கொடை அல்ல. பல நிறுவனங்கள் கிஃப்ட் எய்ட் தொகையை உங்கள் இலக்கில் சேர்ப்பதுமில்லை.

எனக்கு மிக அதிகமாகச் சேர்த்துத் தந்தது தமிழ்ப் பள்ளி இடைவேளையில் போட்ட சிற்றுண்டி மேசைதான். மாமியார் முந்திய இரவு இருநூறு றோல்ஸ் சுட்டுத் தந்தார். 'உனக்கேன் இந்த வேலை, முழங்கால் தேய்ந்துபோகும்' என்று சனவரி முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். கடைத்தெருவில் உண்டியல் குலுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பொது இடத்தில் பணம் சேர்க்க அனுமதிப் பத்திரம் வேண்டும், பேரங்காடிக்குள் என்றால் அதன் முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஓட்ட நாளில் பிள்ளைகளை எங்கே நிறுத்துவது?

முதல் ஆண்டில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். பத்தாவது கிலோமீட்டரளவில் இருக்கும் கட்டி சார்க் கப்பலருகே நிற்கும்படி சொல்லியிருந்தேன், படத்தில் அழகாக இருக்கிறதே என்று. அங்கே ஐந்து வரிசைச் சனம். மனைவி தள்ளுவண்டியோடு பின்னால் மாட்டிக்கொண்டார். மகள் வளர்ந்தவர்களின் முதுகுகளை மட்டும் பார்த்தாள். நான் அவர்களைக் காணாமலே கடந்துபோனேன். மகள் அழுத அழுகை எனக்கு மாலையில்தான் தெரியும்.

இரண்டாம் தடவை ஷாட்வெல் நிலையத்தருகே த ஹைவே என்ற சாலையில் நிற்கச் சொன்னேன். ஓட்டப்பாதை ரவர் பாலத்தைக் கடந்து, பாதித் தூரம் தாண்டியவுடன் அந்தச் சாலை வழியே கிழக்கே போகிறது. கனேரி வோஃப் பக்கம் சுற்றிவிட்டு ஏறக்குறைய 35ஆவது கிலோமீட்டரில் அதே சாலை வழியே திரும்பி வருகிறது. குடும்பம் இடம் மாறாமலே உங்களை இரண்டு தடவை பார்க்கலாம். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமளவு இருக்கும். சாப்பாடு, கழிப்பறை, தூக்கம் எல்லாவற்றுக்கும் போதுமான நேரம் அது. சாலையின் எந்தப் பக்கம் என்பதை முதல்நாளே பேசி வையுங்கள், ஏனெனில் நடுவில் குறுக்கே கடக்க முடியாது. கையில் பிடிக்க ஒரு நிறப் பலூன் இருந்தால் நீங்கள் அவர்களைக் காண்பது எளிது. அவர்கள் உங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

முடிந்த பிறகு ஹோர்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் எழுத்துப் பலகைகளின் கீழ் குடும்பங்கள் சந்திக்கும். குடும்பப் பெயரின் முதலெழுத்தின் கீழ் நிற்பது வழக்கம். நமக்குத்தான் எது குடும்பப் பெயர் என்பதில் கடவுச்சீட்டிலேயே குழப்பம்! கணவர் தகப்பனின் பெயர் எழுத்தின் கீழும் மனைவி கணவரின் பெயர் எழுத்தின் கீழும் ஒரு மணி நேரம் நின்ற வீட்டை எனக்குத் தெரியும். ஆங்கில அரிச்சுவடியின் கடைசி எழுத்துகளில் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், சனமும் குறைவு. கைபேசித் தொடர்பு அங்கே நம்பத்தக்கதல்ல.

இன்னொன்று: உங்கள் ஓட்ட இலக்கத்தை எக்ஸெல் கண்காட்சி மண்டபத்தில் நீங்களே நேரில் போய், அடையாள அட்டை காட்டி, சனிக்கிழமைக்குள் வாங்க வேண்டும். துணைவரை அனுப்ப முடியாது. ஓட்ட நாள் காலையில் அது கிடைக்காது. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோகும் சனிக்கிழமைக்கு அதை விட்டுவைக்காமல் வார நாளொன்றில் முடித்துவிடுங்கள்.

கடைசி நூறு மீட்டரில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடலாமா?

அனுமதி இல்லை. ஓட்டத்துக்குக் குறைந்த வயது 18. பார்வையாளரைத் தடுப்புக்கு உள்ளே இழுத்தால் பின்னால் வருபவர்கள் தடுக்கி விழுவார்கள். ஆனால் முதல்நாள் சனிக்கிழமை நடக்கும் சிறுவர் மரதனில் பிள்ளைகள், நமது மரதன் முடியும் த மோல் வீதியில் அதே முடிவுக்கோட்டைக் கடந்து பதக்கமும் பெறலாம். என் மகள் தனது பதக்கத்தைப் போட்டுக்கொண்டுதான் மறுநாள் என்னைப் பார்க்க வந்தாள். தான் என்னைவிட முன்னதாக முடித்துவிட்டதாக இன்றும் சொல்கிறாள்.

எவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும்?

ஆறு மணி நேரத்தில் முடிக்க கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் போதும், இடையிடையே நடக்கலாம். எட்டு மணி நேர வேகத்தில் நடந்து வரும் கடைசிக் குழுவுக்கு முன்னால் இருந்தால் சரி. சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு என் சிபாரிசு, நேர இலக்கே வேண்டாம் என்பதுதான். காண்டாமிருக உடை போட்டுக்கொண்டு ஓடுபவர்கள்கூட உங்களை முந்திப் போவார்கள். போகட்டும்.

ஓட்டத்துக்கு முந்திய வாரம் பிள்ளைக்குக் கடும் சுகவீனம். என்ன செய்வது?

ஓடாதீர்கள். தொண்டு நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள். அந்த இடம் அவர்களுடையது என்பதால் அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவதா என்பது அவர்களின் முடிவு. திரட்டிய பணம் கொடையாளர் நினைத்த இடத்துக்குப் போய்விட்டது என்பதால் யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் இலக்க அட்டையை மைத்துனரிடம் கொடுத்து ஓடச் சொல்வது மட்டும் கூடாது. விதிமீறல் என்பது ஒருபுறம். அவர் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அட்டையில் உள்ள உங்கள் விவரங்களை வைத்து அவருக்குச் சிகிச்சை செய்யும், தொலைபேசி அழைப்பு உங்கள் வீட்டுக்கு வரும்.

கணவன் மனைவி இருவரும் ஒரே ஆண்டில் ஓடலாமா?

தாத்தா பாட்டி ஒரே வீட்டில் இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் வேண்டாம். இரண்டு நெடும் ஓட்டங்கள் ஒரு வார இறுதிக்குள் அடங்கா. இருவருக்கும் ஒரே திங்கட்கிழமையில் படியிறங்க முடியாமற்போகும், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோக யாராவது நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் முறை வைத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகள் என்னுடையவை, அடுத்தது மனைவியுடையது. அவர் இந்த மாதம் சப்பாத்து வாங்கியிருக்கிறார். ஞாயிறு காலை பிள்ளைகளும் நானும். த ஹைவேயில் பலூன் பிடிக்கப்போவதும் நான்தான். றோல்ஸ் எத்தனை வேண்டும் என்று மாமியார் ஏற்கனவே கேட்டுவிட்டார்.